கடலுக்கு எழுதிய மழை

அப்பா கட்டை விரலால் ஒரு முட்டைக்கோஸை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

வெளியே எடுத்தபோது அதில் பழுப்பாக ஏதோ குழம்பு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடைபட்ட சாக்கடையின் வாடை பாத்தி முழுக்க நின்றுகொண்டிருந்தது. அப்பா விரலை மழையில் நீட்டினார். மழை கழுவிவிட்டது. அடுத்த கோஸுக்குப் போனார். அதையும் அழுத்தினார்.

"எத்தனையப்பா இப்படி அழுத்திக்கிட்டே போவீங்க?" என்றேன்.

"ஒண்ணாவது கல்லு மாதிரி இருக்கும்ல."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் குனிய, நான் நிற்க, அவர் நிமிர, நான் நடக்க. குடைக்குள் அவர் வரவே இல்லை. நான்காவது வரியின் கடைசியில் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், மேலே மூடியிருந்த பனியைப் பார்த்துக் கேட்டார்.

"நார்மல்னுதானேடா சொன்னாங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தேயிலைக்குக் கீழே ஒரு கீற்று

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'ஏர்கோன் இல்லாமலே குளிரில் வாழ்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள்' என்று எழுதியிருந்தார். ஐயா, உண்மைதான். குளிருக்கு இங்கே குறைவில்லை. ஆனால் கேமரன் மலையின் குளிரைப் பள்ளி விடுமுறையில் பார்ப்பது வேறு, வருடக் கடைசியில் அதற்குள் ஒரு பயிரை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது வேறு.

எங்கள் அப்பா முனியாண்டி, ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் கேங்கில் இருந்தவர். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடிப்பது அவர் வேலை. வயது வந்து விலகியபோது, கையில் கிடைத்ததை எல்லாம் ஒரு துண்டு நிலத்தில் போட்டார். சொந்த நிலம் இல்லை, குத்தகைதான். தேயிலைச் சரிவு முடிந்து ஓடை தொடங்கும் இடத்தில், யாரும் வேண்டாம் என்று விட்ட ஒரு கீற்று.

அம்மாவுக்கு இன்னும் சில வருட வேலை பாக்கி இருந்தது. அம்மா கொழுந்து வெட்டுவதால்தான் எங்களுக்குத் தோட்டத்து லைன் வீடும் இருந்தது.

விலகிய அன்று அப்பா வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இனிமே எவனும் என் பேரக் கூப்பிட்டு, நான் 'இருக்கேன்'னு சொல்ல வேண்டியதில்ல."

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆட்களை மேய்க்கும் மண்டோர் பேர் சொல்வார், ஆள் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை. அப்பா பள்ளிக்கூட வயதிலிருந்தே அந்த வரிசையில் நின்றவர். அந்தக் கோஸ் பாத்தி அவருக்கு வெறும் விவசாயம் இல்லை. பெரட்டுக்குப் போகாமல் சாகலாம் என்கிற ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு வருடக் கடைசிப் பயிர்தான் முதுகெலும்பு. தீபாவளியை ஒட்டி நாற்றை வைத்தால் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வெட்டலாம். அந்த நேரத்தில்தான் மொத்த வியாபாரிகளின் லோரி மேலே இருக்கும் பிரிஞ்சாங் டவுனிலிருந்து தானாகக் கீழே இறங்கி வந்து நிற்கும். மற்ற மாதங்களில் நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

நாம் மலையா, பூமியா?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். சித்திரை முதல் நாளுக்கு.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் அன்று பூசாரி பஞ்சாங்கம் வாசிப்பார். தமிழ்நாட்டில் அச்சடித்து வருவது. யாருக்கு ஆதாயம், யாருக்கு விரயம் என்பதெல்லாம் முடிந்ததும் மழைக் கணக்கு வரும். இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை. அதில் கடலில் இவ்வளவு பங்கு, மலையில் இவ்வளவு, பூமியில் இவ்வளவு. கடலுக்குத்தான் எப்போதும் பெரிய பங்கு. அந்த வருடம் மலைக்கு நடுத்தரமாகவும் பூமிக்குச் சொற்பமாகவும் எழுதியிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பூசாரி, அப்ப நாம மலையா, பூமியா?"

பூசாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கீழ தாப்பாவுலேருந்து பஸ்ஸுல மேல வரும்போது வாந்தி எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன்."

"அப்ப மலை."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு விளக்கினார். தேயிலை நிற்பது மலை, சரி. ஆனால் கோஸ் நிற்பது ஓடையோரத் தட்டை. சரிவே இல்லாத இடத்தை எப்படி மலை என்பது? அது பூமி. பூமிக்குத்தான் சொற்பம்.

"அப்பா, அது அங்க அச்சடிச்ச பஞ்சாங்கம். நம்ம ஓடைய அவங்க பாத்ததே இல்ல."

"ராகு காலம் மட்டும் ஒத்துக்குவியாம், மழைய ஒத்துக்க மாட்டியாம்."

நான் ராகு காலத்தையும் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லவில்லை. கூடவே அம்மாவும் வந்துகொண்டிருந்தார்.

பக்கத்துப் பாத்தி அந்தோணி மாமாவுடையது. அவரும் தோட்டத்தில் இருந்து விலகியவர். அப்பாவோடு வாயாடாமல் ஒரு பொழுதும் போகாது. பஞ்சாங்கச் செய்தி அவருக்கும் போயிற்று.

"எங்க மாதா கோயில்ல மழைக்கு ஜெபம்தான் பண்ணுவாங்க, பங்கு பிரிக்க மாட்டாங்கப்பா," என்றார். "ஆனா ஒங்காளு பூமிக்குக் கம்மின்னு சொல்லிட்டாருன்னா நானும் ஒரு ரெண்டு வரி சேத்தே வைக்கிறேன் லா. வெளைஞ்சா ஒங்க பூசாரிக்கு ஒரு கோபிஸ்." கோபிஸ் என்றால் எங்கள் ஊரில் கோஸ்தான்.

பிரஷரும் மழையும்

நான் படித்தவன். எங்கள் வீட்டில் முதல் ஆள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் விவசாயம் படித்துவிட்டு, பிரிஞ்சாங்கில் உரமும் விதையும் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நான் படிக்கப் போன அன்று லைனில் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. அவர்கள் என்னை ஒரு வேலைக்காக அனுப்பவில்லை. ஆபீசில், கிளினிக்கில், கடிதத்தில், வானத்தில், எங்கெல்லாம் புரியாத பேச்சு இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பேசிவிட்டு வர ஓர் ஆளாக அனுப்பியிருந்தார்கள்.

ஆகவே, நாற்று வைக்கும் காலம் நெருங்கியதும் அப்பா கேட்டார். "ஒன் போன்ல மழைக்கு என்ன போட்டிருக்கு?"

வரும் மாதங்களுக்கான மழை முன்னோட்டத்தைத் திறந்தேன். மலாயில் இருந்தது. படத்தில் எங்கள் பகுதி முழுக்க ஒரே நிறம்.

"நார்மல்னு போட்டிருக்குப்பா."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் உடனே சொன்னேன். நார்மல் என்றால் நல்லது என்று பொருள் இல்லை. பல வருட மழையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் என்கிறார்கள், அவ்வளவுதான். நம் வருடக் கடைசியே மழைக்காலம். மழைக்காலத்து நார்மல் என்றால் மழைதான். அதுவும் மாதம் முழுக்கப் பிரித்துப் பெய்யுமா, மொத்தமாகக் கொட்டுமா என்று அதில் இல்லை. மேலே பிளாஸ்டிக் கூரை இல்லாமல் வைக்க வேண்டாம். இல்லையென்றால் பாதி நிலத்தில் மட்டும் வைப்போம்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மாத்திரை இருக்கும் பை அது.

"தானா ராத்தா ஆஸ்பத்திரியில போன தடவ நர்சு என்ன சொல்லிச்சு? பிரஷர் நார்மல், அங்கிள். அப்படீன்னா என்னா? பயப்பட ஒண்ணுமில்லன்னு. மழைக்கு மட்டும் அது வேற அர்த்தமா?"

"வேற அர்த்தம்தான்பா."

"ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சா படிக்காதவன் என்னடா பண்ணுவான்?"

பஞ்சாங்கம் சொற்பம் என்றது, போன் நார்மல் என்றது. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுவதாக அப்பா கண்டார். நிலம் முழுவதும் வைத்தார், கூரை போடாமல். கூரைக்கு வேண்டிய காசு அவரிடம் இல்லவும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இல்லாத மனிதனுக்கு 'தேவையில்லை' என்கிற சொல் எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

வானம் வாயை மூடிய நாட்கள்

நாற்றை நட்டதும் மழை நின்றது. மலையில் இப்படி நடக்கும் என்று நம்பக்கூட முடியாது. காலையில் பனி கலைந்ததும் வெயில் முதுகைச் சுட்டது. ஓடை மெலிந்து கல் தெரிந்தது. தேயிலையில் கொழுந்து ஓடவில்லை என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அப்பாவும், வேலை முடிந்து வந்த அம்மாவும் ஓடைத் தண்ணீரைப் பூவாளியில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். நானும் கடையிலிருந்து வந்து ஊற்றினேன். அம்மாவின் விரல்கள் கொழுந்துக் கறையோடு கருத்திருக்கும். பூவாளியின் கைப்பிடியைச் சரியாக மடக்கிப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குவார்.

"பாத்தியா, பூமிக்குச் சொற்பம்," என்றார் அப்பா. நாற்று வாடுகிறதே என்ற கவலைக்கு நடுவிலும் அவர் குரலில் ஒரு வெற்றி இருந்தது.

நாற்று பிழைத்தது. இலை விரிந்தது. நடுவில் குருத்து சுருண்டு, ஒரு கைப்பிடி அளவுக்கு உருண்டை கட்டத் தொடங்கியது. கோஸுக்கு மழை ஆகவே ஆகாத பருவம் அதுதான். இலைக்கும் இலைக்கும் நடுவில் தண்ணீர் நின்றால் உள்ளிருந்து அழுகும்.

அப்போதுதான் பிடித்தது மழை.

அது புயல் இல்லை. சரிவு எதுவும் விழவில்லை, ஓடை கரையை உடைக்கவில்லை, செய்தியில் எதுவும் வரவில்லை. வெறும் மழை. காலையில் எழும்போது பெய்தது, சாப்பிடும்போது பெய்தது, தகரக் கூரையில் அதன் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பேசி, அது சற்று நின்றபோதும் நாங்கள் கத்தியே பேசினோம். துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஒரு புளித்த வாடை. ரிங்லெட் ஏரி பால் ஊற்றிய தேநீரின் நிறத்துக்கு வந்தது. அப்பா மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டினார், வெட்டிய வாய்க்காலை மண் கரைந்து மூடியது, மறுபடி வெட்டினார். போட்ட உரம் ஓடையோடு போயிற்று.

அந்தோணி மாமா தம் பாத்தியின் நடுவில், முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு கத்தினார்.

"என்னாப்பா முனியாண்டி! கடலுக்கு எழுதுன பங்க லோரிக்காரன் அட்ரஸ் தெரியாம இங்க எறக்கிட்டான் போல!"

அப்பா சிரித்தார். அந்தப் பருவத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

கெட்டியாக இருந்த ஒன்று

இப்போது முதலில் சொன்ன காலைக்குத் திரும்புகிறேன்.

நார்மல் என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அப்பா அடுத்த வரிக்குப் போனார். அழுத்தினார், நகர்ந்தார். அழுத்தினார், நகர்ந்தார். ஓடைப் பக்கத்து மூலையில் ஒரு கோஸ் விரலுக்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

"டேய், இங்க பாரு!"

இடுப்புக் கத்தியை எடுத்து, தண்டோடு அறுத்து, மடியில் வைத்துக் குறுக்கே வெட்டினார். வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, அழகாகத்தான் இருந்தது. நடுத்தண்டிலிருந்து மட்டும் கறுப்பு நரம்புகள், மை ஊறினாற்போல் இலைக்கு இலை பிரிந்து ஓடியிருந்தன. அது நோய். கடையில் நாளுக்கு ஒருவர் அந்த நரம்போடு ஓர் இலையைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். பெயர் தெரியும், காரணம் தெரியும். ஈரத்தில் பரவும், பரவிய பின் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் தெரியும்.

"இது என்னாடா?"

சொன்னேன்.

"மத்ததுக்கு இருக்கா?"

"இருக்கும்பா."

இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து மூடினார். பிறகு அவற்றைப் பாத்தியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரமே நாங்களும் அந்தோணி மாமாவும் சேர்ந்து எல்லாவற்றையும் பிடுங்கினோம். பிடுங்கியதைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவினோம். வழக்கமாக வாயாடுகிற மாமா ஒரே ஒரு தடவை, "நாத்த நட்டதவிட புடுங்குறது சீக்கிரமா முடியுது லா," என்றார். கையில் அந்த வாடை நாட்கணக்கில் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

மாதக் கடைசியில், கடையில் வேலை இல்லாத ஒரு மத்தியானம், பெய்த மழையின் விவரத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். வெயில் அடித்த நாட்களையும் கொட்டிய நாட்களையும் சேர்த்துக் கூட்டி வைத்திருந்தார்கள். முன்னோட்டம் தப்பவில்லை. எங்கள் பகுதிக்கு மழை நார்மல்.



கடை மேசைக்கு இந்தப் பக்கம்

இப்போதும் விவசாயிகள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்கிறார்கள். இந்த வருசக் கடைசி எப்படி தம்பி? கோபிஸ் வைக்கலாமா, இஞ்சிக்கு மாறலாமா? நான் முன்னோட்டத்தைத் திறந்து வாசிக்கிறேன். நார்மலுக்குக் கூட, நார்மல், நார்மலுக்குக் கீழே. வாசித்த பிறகு, கூரை இருந்தால் வையுங்கள், வடிகாலை ஆழமாக வெட்டுங்கள், மொத்தத்தையும் ஒரே நேரத்தில் நடாதீர்கள் என்கிறேன். அவர்கள் தலையாட்டுகிறார்கள். கூரை இருப்பவர்கள் வைக்கிறார்கள். இல்லாதவர்கள், நான் சொன்னதில் தங்களுக்கு ஏற்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் அப்பாவைப் போலவே.

முன்பெல்லாம் மழைக்காலம் என்றால் தினம் பின்னேரம் வந்து, ஊற்றிவிட்டுப் போய்விடும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை. காயப் போட்டுக் கொல்கிறது, பிறகு ஊற வைத்துக் கொல்கிறது. படித்து முடித்தால் இதற்கு ஏதாவது செய்யலாம் என்று நம்பித்தான் நான் மலையை விட்டு இறங்கிப் படித்தேன். என்ன நடக்கிறது என்று மிகச் சரியாகச் சொல்லத் தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

பெரட்டு

அந்தப் பயிர் போன பிறகு ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குமாரு ஆள் கேட்டுட்டிருந்தான். மருந்து கேங்குக்கு. காண்ட்ராக்ட்தானாம்."

குமார் அண்ணன் இப்போது மண்டோர். அப்பாவின் கேங்கில் தண்ணீர் சுமக்கும் ஆளாக வேலை தொடங்கியவர்.

அப்பா குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்றேன். என் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். "ஒன் சம்பளம் ஒனக்கு," என்று முடித்துவிட்டார்.

மறுநாள் விடியும் முன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். பின்னாலேயே அம்மா மற்ற பெண்களோடு நடந்து வந்தார். தூறல் போட்டது. பெரட்டுக்களத்தின் விளக்கு வெளிச்சத்தில் வங்காளதேசத்துப் பையன்களும் லோம்போக் தீவு ஆட்களும் நம்மவர்கள் சிலரும் வரிசையில் நின்றார்கள். அப்பா போய்க் கடைசியில் நின்றார்.

குமார் அண்ணன் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அப்பாவின் முறை வந்தபோது நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, வந்துட்டீங்க. சரிண்ணே."

"பேரக் கூப்புடு லா," என்றார் அப்பா.

"அட, எதுக்குண்ணே..."

"கூப்புட்டாத்தானேடா ஆளு."

குமார் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "முனியாண்டி!" என்றார்.

"இருக்கேன்."

அந்தக் குரலை வீட்டில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சின்னதாக, சட்டென்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல்போல் இருந்தது.

தூறல் மழையாயிற்று. கூரைத் தகரம் இரைந்தது. குமார் அண்ணன் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, மலாயிலும் தமிழிலும் சொன்னார். இந்த மழையில் அடித்தால் மருந்து நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும். மருந்து கேங்குக்கு இன்றைக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் போலாம்.

கொழுந்து வேலைக்கு மழை, வெயில் என்பதெல்லாம் கிடையாது. பெண்கள் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினார்கள். அம்மா மேலே ஏறி, பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அரிசி கழுவி அடுப்பு மேல வச்சிருக்குங்க. பத்த வச்சு, வெந்ததும் எறக்கி வச்சுருங்க."

அப்பா தலையாட்டினார். லோரி மேலே போயிற்று. நான் மோட்டாரைக் கிளப்பி, ஏறுங்கள் என்றேன். வேலைக்கு நேரமாச்சு, நீ போ என்று கையைக் காட்டினார். வளைவில் திரும்பிப் பார்த்தபோது லைனை நோக்கி நடந்துகொண்டிருந்தார். குடை கொண்டுவரவில்லை. மருந்து அடிக்கப் போகிறவருக்குக் குடை எதற்கு?